கண்ணில் வழியாத கிறீம்

ஒரு கிறீம் கெட்டுப்போனால் அதுவே நமக்குச் சொல்லிவிடும். எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் தண்ணீர் தேங்கும், வாடை மாறும். மூடியைத் திறந்தவுடன் தெரிந்துவிடும். நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்த இந்தக் கொஞ்சக் காலத்துக்குள் அப்படிப் பலவற்றைப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கழுவி ஊற்றிவிட்டு மறுபடி செய்வீர்கள். நான் இன்று சொல்ல வந்தது, கெட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லாமல், அதற்கு முன் நாங்கள் செய்த எல்லாவற்றையும்விட அழகாக வந்த ஒரு கிறீமைப் பற்றி.

சண்டை முடிந்து சனங்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் கொழும்பில் சவர்க்காரமும் முகக் கிறீமும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரசாயனவியலாளராக இருந்தேன். மன்னார் தீவில், தாழ்வுபாட்டுக் கடற்கரைக்குப் பக்கத்தில், பெண்கள் சிலர் சேர்ந்து கூட்டுறவாக ஒரு தொழிற்கூடம் தொடங்கினார்கள். தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் செய்து விற்பது அவர்களின் எண்ணம். மன்னார் என் சொந்த ஊர். கொஞ்சக் காலம் உதவி செய்துவிட்டு வருகிறேன் என்று கொழும்பில் சொல்லிவிட்டு வந்தவள், ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்துவிட்டேன். நீங்கள் குளிரூட்டியின் கீழ் நிற்கிற இந்த இடத்தில் அப்போது தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. காற்று அடித்தால் கூரையைப் பிடிக்க இரண்டு பேர் ஓடவேண்டும்.

தொழிற்கூடத்தை நடத்தியவள் றெஜினா. தாழ்வுபாட்டு மீனவக் குடும்பத்துப் பெண். நான் வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். ஆனால் அன்றன்று என்ன செய்யவேண்டும் என்பதை அவள்தான் எனக்குச் சொல்வாள். கொதிக்கிற பாத்திரத்தைத் தனியே இறக்குவாள். கடற்கரையின் அந்தக் கோடியில் நிற்பவரையும் இங்கிருந்தே கூப்பிடுவாள். அவளோடு வேலை செய்வது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு காலை நாங்கள் சவர்க்கார அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். தலையையும் கழுத்தையும் சால்வையால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அவள் சால்வையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். கன்னங்களிலும் கழுத்தோரத்திலும் தோல் தடித்துச் சிவந்து, சில இடங்களில் உரிந்தும் இருந்தது.

"வெயிலுக்குப் பூசிற கிறீம் செய்வீங்களோ?" என்று கேட்டாள்.

"நாங்கள் சவர்க்காரம்தான் தங்கச்சி செய்யிறம்," என்றாள் றெஜினா. "கிறீம் எண்டால் கடையில விக்குதே?"

"அதெல்லாம் வேர்வையோட கண்ணுக்குள்ள வழியுது. எனக்கு வழியாத கிறீம் வேணும். வழிஞ்சால் வேலை போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "கையும் போகலாம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் பெயர் சுகந்தி. ஊர் வெள்ளாங்குளம், மாவட்டத்தின் வடக்கு எல்லையில். நெல் விதைக்கிற குடும்பம். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் வீடுகளுக்குப் போகலாம், வயல்களுக்குள் போகக்கூடாது என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். வயல்களுக்குள் கண்ணிவெடி. அவற்றை எடுக்கிற நிறுவனம் ஒன்று உள்ளூர்ப் பெண்களையும் வேலைக்குச் சேர்த்தது. சுகந்தி சேர்ந்துகொண்டாள். அவளுடைய குழு அடுத்து இறங்க வேண்டிய காணிகளில் அவளுடைய தகப்பனாரின் வயலும் இருந்தது. மழைக்கு முன்னர் அதை முடித்துவிட்டால் அந்தப் போகமே விதைக்கலாம்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தோலுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போனது. மன்னார் ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, ஒன்றில் வெயில் தடுக்கும் கிறீம் பூசவேண்டும், அல்லது வெயில் இல்லாத வேலை தேடவேண்டும் என்றாராம்.

"வெள்ளாங்குளத்தில வெயில் இல்லாத வேலை எங்க டொக்டர் இருக்கு எண்டு கேட்டனான். அவருக்கும் தெரியேல்லை."

கிறீம் பூசலாம் என்றால் அதற்கும் தடை. அந்த வேலையில் மார்புக்குப் பாரமான கவச அங்கி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற தடித்த மறைப்பு. அதை வைசர் என்பார்கள். வெள்ளைக் கட்டைகள் நட்ட ஒடுக்கமான பாதைக்குள் முழங்காலில் இருந்தபடி, வாருகோலால் மண்ணை மெல்ல மெல்ல வாரவேண்டும். பாதைக்குள் இருக்கும்போது வைசரைத் தூக்கக்கூடாது. முன்பு ஒரு பெண் கடைக் கிறீமைப் பூசிக்கொண்டு போய், அது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிய, பொறுக்கமுடியாமல் வைசரைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டாள். அன்றோடு மேற்பார்வையாளர் கிறீமையே தடைசெய்துவிட்டார். தேவன் என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான்.

"'முகத்தை வெள்ளையாக்கவோ பிள்ளை வெடி எடுக்க வந்தனீ' எண்டு என்னைக் கேக்கிறார்," என்றாள் சுகந்தி.

றெஜினா என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் கொழும்பில கிறீம்தானே செய்தனீங்கள்?"

கிறீம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றோடு ஒன்று சேராத எண்ணெயையும் நீரையும் பால்மமாக்கி என்கிற பொருளைப் போட்டுச் சேர்த்துவைக்கிறோம். ஒன்று பெரிய வீடு, மற்றது அதற்குள் சிறு சிறு துளிகளாக வந்து தங்குகிற விருந்தாளி. கொழும்பில் நான் செய்ததெல்லாம் நீர் வீடாகவும் எண்ணெய் விருந்தாளியாகவும் இருக்கிற வகை. பூசினால் குளிர்ச்சி, பிசுபிசுப்பு இல்லை, எல்லோருக்கும் பிடிக்கும். முதலில் அப்படித்தான் ஒன்று செய்தேன். வெயிலைத் தடுக்க நாக ஒட்சைட்டு என்கிற வெள்ளைத் தூள். சுகந்தியிடம் ஒரு பழைய வைசரும் கவச அங்கியும் கேட்டு வாங்கினோம். நான் பூசிக்கொண்டு, அங்கியை மாட்டி, வைசரை இறக்கி, உச்சி வெயிலில் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் முழங்காலில் இருந்தேன். சுற்றிவரப் பாய்களில் மீன் காய்ந்தது. மீன் திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"றெஜினா, உங்கட அக்கா சந்திரனுக்குப் போறாவோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம், வரேக்க உனக்கும் ஏதாவது கொண்டுவாறாவாம்!"

சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு முடிவதற்குள் நெற்றி வியர்வை புருவத்தைத் தாண்டியது. கிறீம் பால் போலக் கரைந்து இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கியது. என்னை அறியாமல் எழுந்து, வைசரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடலை நோக்கி ஓடினேன். முகம் கழுவி நிமிர்ந்தபோது கடற்கரை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து ஓடிய மாதிரி அவள் எழுந்து ஓட முடியாது என்பதுதான் மனதில் நின்றது.

அப்படியென்றால் வீட்டை மாற்றவேண்டும். எண்ணெய் வீடு, நீர் விருந்தாளி. வியர்வை மேலே பட்டாலும் உள்ளே புகாது, உருண்டு போகும். சொல்ல இலகு. ஆனால் அந்த வகை சரியான பிடிவாதம் பிடித்தது. செய்த அன்று நன்றாக இருக்கும். சில நாள் மன்னார் வெயிலில் வைத்தால் எண்ணெயைக் கக்கிவிடும். பால்மமாக்கியைக் கூட்டினேன், மெழுகைக் கூட்டினேன், கலக்கும் நேரத்தைக் கூட்டினேன். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒரு தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் அப்போது வேறொரு நிறுவனத்தில், எங்கள் பழைய தொழிற்சாலைக்குப் போட்டியான இடத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணீல உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

"உப்போ? உப்புப் போட்டால் கிறீம் உடையுமே?"

"நாம செஞ்ச கிறீம் உடையும். இது தலைகீழ். உப்பு இருந்தாத்தான் அந்தத் தண்ணித் துளி ஒழுங்கா அடங்கி இருக்கும்." பிறகு தொலைபேசி அதிரச் சிரித்தாள். "மன்னார்ல உக்காந்துகிட்டு எங்கிட்ட உப்புக் கேக்கிறீங்களே, நல்லா இருக்கு!"

உண்மைதான். எங்கள் கொட்டிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உப்பளம். நான் கற்ற வகைக்கு உப்பு எதிரி என்பதால் மற்ற வகைக்கும் எதிரி என்று நானே முடிவுகட்டியிருந்தேன். சுத்தமான உப்பைச் சிறிதளவு போட்டுச் செய்தேன். வெயிலில் வைத்தேன், மோட்டார் சைக்கிளில் கட்டிக் குலுங்க விட்டேன். கிறீம் அசையவில்லை. தோழியே அதைக் கொழும்பில் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, வெயிலைப் போதுமான அளவு தடுக்கிறது என்று உறுதிப்படுத்தித் தந்தாள். பூசினால் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்று றெஜினா முறைப்பட்டதால் கொஞ்சம் இரும்பு ஒட்சைட்டும் சேர்த்து மண் நிறமாக்கினோம். பார்க்க அழகில்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு. சுகந்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "சேறு மாதிரிக் கிடக்கு அக்கா. பரவாயில்லை, சேறு எங்களுக்குப் பழக்கம்," என்றாள்.

தேவன் இலகுவில் சம்மதிக்கவில்லை. வெடி இல்லாத பயிற்சிப் பாதையில் அவளை வைசரோடு இருத்தி, தானும் பக்கத்தில் வெயிலில் நின்று பார்த்தார். வியர்வை ஆறாக ஓடியது. கிறீம் இருந்த இடத்திலேயே இருந்தது. சுகந்திக்கு மட்டும் என்று அனுமதி தந்தார். சில வாரங்களில் அவளுடைய கன்னத்துத் தடிப்பு வடிந்தது. கழுத்தில் புதுத் தோல் வந்தது. அதைக் கண்டு குழுவில் எல்லாப் பெண்களும் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு ஆண்கள், கடைசியில் தேவனே. முழுக் குழுவுக்கும் கிறீம் செய்து தரும்படி எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். எங்கள் கொட்டிலில் அன்று றெஜினா எல்லோருக்கும் பாலப்பம் வாங்கிக் கொடுத்தாள்.

இனித்தான் நான் சொல்ல வந்த கதை.

பெரிய அளவில் செய்ய ஒரு பெரிய பாத்திரமும் மோட்டார் பூட்டிய கலக்கியும் வாங்கினோம். அந்த வாரம் யாழ்ப்பாணத்தில் என் பெறாமகளின், அதாவது என் சகோதரி மகளின், கலியாணம். எல்லாவற்றையும் றெஜினாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனேன். அவள் என்னோடு பலமுறை செய்தவள், கை பழகியவள். கலியாணம் முடிந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேரே கொட்டிலுக்குப் போனேன். கிறீம் செய்தாயிற்று, போத்தல்களில் அடைத்தாயிற்று, விடியுமுன்னே வடக்கே போகிற மீன் லொறியில் வெள்ளாங்குளத்துக்கு அனுப்பியுமாயிற்று. பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"பாருங்கோ அக்கா," என்றாள் றெஜினா. அவள் முகம் பூரித்திருந்தது. "பட்டு மாதிரி வந்திருக்கு."

உண்மையிலேயே பட்டுத்தான். முன்பு செய்ததைவிட வெளிர் நிறம், இலகு, மினுமினுப்பு. தொட்டுப் புறங்கையில் தேய்த்தேன். சட்டென்று பரவியது, குளிர்ந்தது, பிசுக்கே இல்லை. எனக்கும் மனம் குளிர்ந்துபோயிற்று. பெரிய கலக்கி நன்றாக அரைத்திருக்கிறது, அதனால்தான் இப்படி என்று நினைத்தேன். இரண்டு பேரும் அதைப் பாராட்டிக் கதைத்துக்கொண்டே இருந்தோம். ஒரு பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பையை வாங்குமுன் கை கழுவப் போனேன்.

குழாய்த் தண்ணீர் பட்டவுடன் கிறீம் பாலாகி ஓடியது. புறங்கை சுத்தமாகிவிட்டது.

எங்கள் பழைய கிறீமைக் கழுவுவதென்றால் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்க்கவேண்டும். கையைப் பார்த்தபடி நின்றேன். பிறகு ஒரு கண்ணாடி ரம்ளரில் தண்ணீர் எடுத்து, பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு துளியை விரலால் வழித்து அதில் விட்டேன். துளி புகை போல விரிந்து தண்ணீர் முழுவதும் கலங்கலாயிற்று. எண்ணெய் வீடாக இருந்தால் துளி துளியாகவே நிற்கவேண்டும்.

"றெஜினா, தண்ணியை எப்பிடி விட்டனி?"

"மெல்லத்தான் விட்டனான். கரண்ட் போகப்போகுது எண்டு சொன்னவங்கள், அதால..." என்று தொடங்கியவள் ரம்ளரைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

சின்னப் பாத்திரத்தில் மெல்ல என்பது ஓர் அளவு. பெரிய பாத்திரத்தில் அதே வார்த்தைக்கு வேறு அளவு. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்தால் வீட்டில் இடம் கிடைக்கும். எல்லோரும் ஒரேயடியாக வந்து தள்ளினால் வீடே அவர்களுடையதாகிவிடும். தண்ணீர் வேகமாக வந்ததால் கிறீம் தலைகீழாகப் புரண்டு, கண்ணுக்குள் வழிகிற பழைய வகையாக மாறிவிட்டது. அது அழகாக இருந்ததற்குக் காரணமே அதுதான். சந்தையில் விற்கிற எந்தக் கிறீமும் அப்படித்தான் அழகாக இருக்கும்.

லொறி போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் விடியவே வேலை தொடங்குகிறவர்கள்.

றெஜினா மிக மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அவையளுக்கு இப்ப சொன்னால், இனி எங்களிட்ட எடுப்பினமோ?"

"எடுக்க மாட்டினம் எண்டுதான் நினைக்கிறன்."

"கொஞ்சம் கண் எரிஞ்சால் வெளியில வந்திருவினம்தானே. நாளைக்கு வேற குடுத்து மாத்திவிடலாம்..."

அவளைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது. அந்தக் கொட்டிலை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. வெள்ளாங்குளத்தில் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். ஆனால் என் இரண்டு கண்ணும் எரிந்தபோது நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். றெஜினாவும் அன்று கடற்கரையில் நின்றவள்தான். தொலைபேசியை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் கதைக்கிறன். செய்தது நான்."

தேவனின் தொலைபேசியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாதைகளுக்குப் பக்கத்தில் தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது அவர்களின் விதி. மறுபடி எடுத்தாள். மறுபடி. கடைசியில் அம்புலன்ஸ் பக்கத்தில் இருந்த மருத்துவ உதவியாளர் எடுத்தார். றெஜினா கடற்கரைக் குரலில், ஆனால் ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொன்னாள். "தாழ்வுபாட்டிலயிருந்து றெஜினா. இண்டைக்கு வந்த கிறீம் பிழை. கண்ணுக்குள்ள வழியும். பூசின எல்லாரையும் வெளியில எடுக்கச் சொல்லுங்கோ. இப்ப, இப்பவே."

தொலைபேசிக்குள் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் விசில். நீளமாக, விட்டு விட்டு. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுக்க யாரும் எடுக்கவில்லை.

றெஜினாவின் தம்பியாரின் ஓட்டோவில் புறப்பட்டோம். அந்த வீதி அப்போது தார் காணாத புழுதி. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை தாண்டி வெள்ளாங்குளம் போய்ச் சேரும்வரை றெஜினா செபமாலையைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

வேலைத்தளத்தில் பனையோரமாகத் தறப்பாள் கட்டிய நிழல். எல்லோரும் அதன்கீழ் இருந்தார்கள். கவச அங்கிகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. முதலில் தலைகளை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குள் ஓரத்தில், ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கையில் வெறுந்தேத்தண்ணீரோடு சுகந்தி இருப்பது தெரிந்தது. இரண்டு கையும் இருந்தன. றெஜினா புழுதியிலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"ஏன் அழுறீங்கள்? ஒண்டும் நடக்கேல்லை," என்றாள் சுகந்தி, துணியை எடுத்து. கண்கள் செக்கச் செவேலென்று இருந்தன.

"பூசினனியோ?" என்று கேட்டேன்.

"உங்கட கிறீம் எரியாது எண்டு நம்பி மற்ற நாளையவிடக் கூடத்தான் பூசினனான்."

அந்த நம்பிக்கை என்னைக் குத்தியது. பிறகு நடந்ததை அவளே சொன்னாள். மண்ணுக்குள் வாருகோல் ஏதோ உருண்டையான ஒன்றில் தட்டுப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள மண்ணை எடுக்கத் தொடங்கிய நேரத்தில் கண்ணுக்குள் நெருப்பு இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை.

"கை தானா வைசருக்குப் போச்சுது. போன கையைத் திருப்பி எடுத்தன். வாருகோலைப் பின்னால வைச்சன். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கையையும் மடியில வைச்சுக்கொண்டு இருந்திட்டன். அவ்வளவுதான். கத்தலாம் எண்டு வாயைத் திறக்க, விசில் கேட்டுது. எனக்குக் கண் எரியுது எண்டு அவையளுக்கு ஆர் சொன்னது எண்டு அதிசயமாப் போச்சு."

தேவன் தானே பாதைக்குள் போய், தோளைப் பிடித்து, அவளைப் பின்பக்கமாக நடத்திக் கொண்டுவந்திருக்கிறார். வேறு மூன்று நான்கு பேருக்கும் எரிச்சல் தொடங்கியிருந்தது. அவர்கள் விசில் கேட்டுத் தாங்களாகவே வெளியில் வந்துவிட்டார்கள்.

தேவன் எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் பேச்சு வாங்க ஆயத்தமாக எழுந்து நின்றேன். அவர் றெஜினாவைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்கள்தானோ போன் எடுத்தது?"

"ஓம்."

"எடுக்காமல் விட்டிருக்கலாம். உங்களுக்கு முதலே தெரியும் எண்டது எனக்குத் தெரிய வந்திராது." அவர் சத்தம் போடவில்லை. "கிறீமில பிழை வரும். எங்கட மெசினிலயும் பிழை வரும். எனக்கு ஒரு கேள்விதான் இருக்கு. நாளைக்கு நீங்கள் வேற ஒண்டு கொண்டுவந்து தாறீங்கள் எண்டு வைப்பம். அது சரியானதோ பிழையானதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

என் தொழில் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் அதுவே மிக நல்ல கேள்வி. என்னை நம்புங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுகந்தியின் பையில் பழைய கிறீம் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் பழைய கிறீம் ஒரு துளி, மற்றதில் புதியது ஒரு துளி. பழையது மண் நிறப் பொட்டாக அப்படியே நின்றது. புதியது பாலாய்க் கரைந்தது. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். தேவன் கோப்பையைத் தூக்கி ஆட்டினார். பொட்டு உருண்டதே தவிரக் கரையவில்லை.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான். கரைஞ்சால் பூசாதேங்கோ. ஆர் செய்ததெண்டாலும், நான் செய்ததெண்டாலும் பூசாதேங்கோ."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்கள் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல், உலோகம் தேடுற மெசினை ஒரு இரும்புத் துண்டில பிடிச்சுச் சத்தம் வருதோ எண்டு பாக்கிறனாங்கள். அதோட இதையும் சேத்துக்கொள்ளுவம்," என்றார்.

"அப்ப கிறீமை நிப்பாட்டேல்லையோ?" என்று சுகந்தி கேட்டாள்.

"நிப்பாட்டினால் நீ வீட்டில இருப்பியே? சால்வையைச் சுத்திக்கொண்டு வந்து நிப்பாய். பிறகு உன்னோட ஆர் சண்டை பிடிக்கிறது."

மறுநாள் கொட்டிலில் றெஜினாவும் நானும் மறுபடி தொடங்கினோம். மெல்ல என்ற வார்த்தையை அன்றோடு எங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிட்டோம். தண்ணீர் நூல் போல விழுகிற மாதிரி ஒரு சிறு குழாய் பூட்டினோம். கரண்ட் போனால் போகட்டும், அந்தப் பாத்திரத்தை வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று தீர்மானித்தோம். செய்து முடித்த கிறீம் பழையபடி சேறு மாதிரி, பிசுபிசுப்பாக, அழகில்லாமல் வந்தது. றெஜினா ரம்ளரில் ஒரு துளி விட்டாள். அது நின்றது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவன் எங்களை விட்டுவிடவில்லை. மற்றக் குழுக்களுக்கும் சொன்னார். மாவட்டத்தின் தெற்குக் கோடியில் மறிச்சுக்கட்டிப் பக்கம் வேலை செய்தவர்கள்கூட ஆள் அனுப்பி வாங்கினார்கள். கிறீம் ஒருமுறை பிழையாகிப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பிழையை நாங்களே சொன்னோம் என்பதும் தெரிந்திருந்தது. பிற்பாடு வெயிலில் மீன் காயவைக்கிற பெண்களுக்கும், வயல் வேலை செய்பவர்களுக்கும் என்று அந்தக் கிறீம் பல இடங்களுக்குப் போயிற்று. இந்தக் கட்டடத்தின் முதல் கல்லை அந்தச் சேற்றுக் கிறீம்தான் போட்டது என்று றெஜினா இப்போதும் சொல்வாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் செய்கிற பொருள் ஒரு நாள் வழமையைவிட நன்றாக வந்தால், கொண்டாடுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். அது சரியா பிழையா என்று பார்க்கிற வழியை உங்கள் மேசையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அதைப் பூசப்போகிறவரின் கையிலும் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரை நம்பி அவர் கண்ணை மூடக்கூடாது. சொல்லவேண்டிய நேரத்தில் தொலைபேசியை எடுக்கத் தயங்கினால், பக்கத்தில் றெஜினா மாதிரி ஒருத்தி இருப்பாள் என்று எப்போதும் எதிர்பார்க்கவும் முடியாது.

மழைக்கு முன்னர் அந்த வயல்கள் துப்புரவாகிவிட்டன. கையளிக்கிற நாளுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சுகள் முடிந்து, சிவப்புப் பலகைகளைப் பிடுங்கினார்கள். சனங்கள் வயல்களுக்குள் இறங்கினார்கள். சுகந்தியின் தகப்பனார் மட்டும் கரையிலேயே நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், ஆனால் கால் எடுத்து வைக்கவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

சுகந்தி முன்னால் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் சால்வை கட்டியிருக்கவில்லை.

"வாங்கோ அப்பா. இதில நான் முழங்காலில போகாத இடம் ஒண்டுமில்லை."

அவர் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். முதலில் அவளுடைய காலடியிலேயே கால் வைத்து நடந்தார். பிறகு பக்கத்தில். பிறகு அவளையும் முந்திக்கொண்டு போனார். நடுவயலில் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்தார். நிமிர்ந்தவர் ஏதோ கண்ணில்பட, மேற்குப் பக்கமாக வேகமாக நடந்தார். அங்கே நின்று இரண்டு கையையும் உயர்த்திச் சத்தம் போட்டார்.

"ஆர் இந்த வரப்பை வெட்டினது? ஆர் எண்டு கேக்கிறன்! இப்பிடி வெட்டினால் தண்ணி நிக்குமோ?"

சுகந்தி சிரிப்பை அடக்கமுடியாமல் வயலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அதை வெட்டியது தேவனின் ஆட்கள், வேலைக்காக. தேவன் தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

"மண்வெட்டி ஒண்டு தாங்கோ ஐயா," என்றபடி வயலுக்குள் இறங்கினார். "கட்டித் தாறன்."